தினமும் வரைந்த நீர்வண்ணப் படங்களை ஊர் நூலகத்தில் காட்சிக்கு வைப்பது எப்படி?

கேள்வி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்பவன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதில் தொடங்கினேன்; ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் இல்லாமல் போயிற்று. இப்போது பள்ளிச் சுவர்களில் படம் எழுதுவதும், கோயில் திருப்பணிகளில் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவதும், மறைந்தவர்களின் உருவப்படங்களை வரைந்து கொடுப்பதுமாகக் குடும்பம் நடக்கிறது.

சென்ற ஆண்டு தை மாதம் முதல், வேலைக்குப் புறப்படும் முன் விடியற்காலையில் ஏ5 அளவுத் தாளில் ஒரு நீர்வண்ணப் படம் வரைவதைப் பழக்கமாக்கிக் கொண்டேன். காவிரிப் படித்துறை, வெற்றிலையைக் கவுளி கட்டுபவர்கள், பாத்திரப் பட்டறைகள், சந்தைக்கு வாழைத்தார் இறக்குபவர்கள் என்று ஏறக்குறைய 400 படங்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் சுமார் 90 படங்கள் ஒரே படித்துறையை, ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைந்தவை.

எங்கள் பகுதி நூலகத்தின் வாசிப்புக் கூடத்தை மூன்று நாட்களுக்குத் தர நூலகர் அன்புடன் இசைந்திருக்கிறார். கூடத்தின் நீளம் 30 அடி. அண்மையில் வெள்ளையடித்த சுவர் என்பதால் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. எந்தப் படங்களைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தொங்கவிடுவது, விலை குறிப்பிடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அனைத்துக்கும் சட்டம் போடும் வசதி என்னிடம் இல்லை.

மறுமொழி (சென்னை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை)

தம்பி, முதலில் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான். 400 படங்களிலிருந்து சிறந்த 50 படங்களைப் பொறுக்கி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். அன்றாடம் வரைந்த படங்களின் வலிமை ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக இருப்பதைவிட, ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே நிகழும் மாற்றத்தில்தான் மிகுதியாக இருக்கிறது. தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் ஒரு படம், முந்தைய நாளின் படத்துக்கு அருகில் வைத்ததும் பேசத் தொடங்கிவிடும்.

உங்களிடம் ஒரே படித்துறையின் 90 படங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காட்சி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. சித்திரை, வைகாசியில் மணல் தெரியக் கிடக்கும் ஆறு, மேட்டூர் அணை திறந்த பின் கல்லணை வழியாக உங்கள் ஊருக்கு நீர் வந்து சேரும் நாள், ஆடிப்பெருக்கின் கூட்டம், ஐப்பசி மழையில் மூழ்கிய கீழ்ப்படிகள் ஆகியவை அந்தத் தாள்களில் தாமாகவே வரிசைப்பட்டிருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 என்ற தேதியை மனப்பாடமாக வைத்திருக்கும் டெல்டா மக்களுக்கு அந்த வரிசையை விளக்கிச் சொல்லத் தேவையே இராது. தேதியை மட்டும் ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலால் எழுதிவையுங்கள். நன்றாக அமையவில்லை என்று நீங்கள் நினைக்கும் படங்களையும் எடுத்துவிடாதீர்கள். அவற்றை நீக்கினால் வரிசையில் ஆறு பாதியில் நின்றுபோகும்.

வயிற்றுப்பாட்டுக்கான வேலையையும் காலைப் படத்தையும் நீங்கள் இருவேறாகக் கருதுவதாக உங்கள் எழுத்தில் ஒரு சாயல் தெரிகிறது. சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அமைத்தபோது, அதற்கான பணத்தைத் தேடித் தந்தவற்றுள் முக்கியமானவை அவர்கள் தம் கைகளால் செய்து விற்ற பாட்டிக் துணிகளும் (மெழுகிட்டுச் சாயமேற்றியவை) கைவினைப் பொருட்களுமே. கைத்தொழில் சோறு போட்டது. எஞ்சிய நேரத்தில் ஓவியம் வளர்ந்தது. ஆகவே, கூடத்தின் ஒரு மூலையில் உங்கள் பெயர்ப்பலகை எழுத்துகளின் பழைய மாதிரிகளையும் சுதை வேலையின் புகைப்படங்களையும் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவற்றில் பழகிய கைதான் படித்துறையையும் வரைந்தது என்பதை ஊர் அறியட்டும்.

மறுமொழி (தஞ்சாவூர், படச்சட்டக் கடை)

தொங்கவிடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். கூடத்தில் சன்னல் கம்பிகளோ தூண்களோ இருந்தால் அவற்றுக்கிடையே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, பைண்டர் கிளிப்பால் தாள்களை மாட்டலாம். ஏ5 தாளைக் கிடைமட்டமாக வைத்தால் 21 செ.மீ.; ஐந்து செ.மீ. இடைவெளி விட்டால் 30 அடிக்கு ஒரு வரிசையில் 35 படங்கள் அமையும். இரண்டு வரிசைக்கு மேல் போக வேண்டாம். நூலகத்துக்குக் குழந்தைகள் வருவார்கள் என்பதால் கீழ் வரிசையை அவர்களுடைய கண்மட்டத்தில் வையுங்கள். கிளிப் நேராகத் தாளைக் கடித்தால் தழும்பு விழும். இடையில் மடித்த காகிதத் துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள். மின்விசிறி ஓடும் கூடத்தில் தாள்கள் படபடத்து ஓரம் கிழியும் என்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் கீழேயும் ஒரு கம்பி கட்டித் தாளின் அடிப்பகுதியையும் பிடித்துவைக்க வேண்டும்.

மூன்று நாட்களுக்குச் சட்டம் தேவையில்லை. ஆனால் யாராவது ஒரு படத்தை வாங்கி வீட்டில் மாட்ட விரும்பினால், எந்தக் கடையில் சட்டம் போட்டாலும் சிலவற்றைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். நம் பக்கத்து மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிய நீர்வண்ணப் படத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அதன் பிறகு தாளைப் பிரித்தெடுத்தால் வண்ணமும் கண்ணாடியோடு வந்துவிடுகிறது. மகன் பிரசவ வார்டில் பிறந்த அன்று ஒருவர் வரைந்த படம் அப்படிப் பாழாகி என்னிடம் வந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. படத்தை அட்டையில் முழுவதும் ஒட்டாமல் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு காகிதக் கீல்களால் பிடிக்க வேண்டும். ஈரத்தில் விரிந்து சுருங்கத் தாளுக்கு இடம் வேண்டும் அல்லவா? செல்லோடேப் பழுப்புக் கறை விடும். மைதாப் பசை பூச்சிகளை அழைக்கும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும்.

மறுமொழி (ஆலப்புழையில் பணிபுரியும் தமிழர்)

இங்கே 2021இல் ‘லோகமே தறவாடு’ என்ற பெரிய காட்சியைப் பழைய கயிற்றுக் கிடங்குகளிலும் நடத்தினார்கள். அந்தக் கிடங்குகளின் பழைய சுவர்களுக்கிடையே படங்களைப் பார்த்தபோது, காட்சியரங்கம் என்ற சொல்லைப் பற்றியே என் எண்ணம் மாறியது. உங்கள் வாசிப்புக் கூடத்தை மறைத்துத் துணி கட்டிவிடாதீர்கள். நாளிதழ் படிக்க வருபவர் வழக்கம்போல் அங்கே உட்காரட்டும்.

விலையைச் சுவரில் எழுதாமல், நுழைவாயில் மேசையில் ஒரு பட்டியலாக வையுங்கள். படித்துறை வரிசையை இப்போது பிரித்து விற்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மற்ற படங்களை விற்கலாம். மேலும், வெற்றிலை கட்டுபவர்களையும் பட்டறைக்காரர்களையும் முகம் தெரிய வரைந்திருந்தால், காட்சி திறக்கும் முன் அவர்களிடம் படத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். ஒரு பிரதியையும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு படித்துறைப் படங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். நீர் வந்த காலையின் படம் மிக மோசமாக அமைந்தது என்று இத்தனை நாளும் அடியில் போட்டு வைத்திருந்தேன். அவசரமாகத் தீட்டியதால் நீலம் படிக்கல்லின் மேல் வழிந்திருக்கிறது. முந்தைய நாளின் மணலுக்குப் பக்கத்தில் வைத்ததும் என் மனைவி அதைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

இரண்டு வரிசைகளில் 70 படங்களை வைக்க முடிவு செய்திருக்கிறேன். வெற்றிலை கட்டும் அம்மாள் தம் படத்தைப் பார்த்துவிட்டு, காட்சியின் முதல் நாள் பேத்தியை அழைத்து வருவதாகச் சொன்னார். தஞ்சாவூர் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: கூடத்தின் ஒரு பக்கத்தில் தூண் இல்லை, அங்கே இரண்டு மூங்கில்களை மணல் நிரப்பிய வாளிகளில் நட்டுக் கம்பி கட்டினால் 30 அடி இழுவையைத் தாங்குமா, அல்லது நடுவில் இன்னொரு மூங்கில் வேண்டுமா?