டூ-பிளாக் வெட்டு: முழுகினாப் பிறகு காதுக்கு மேல காளான் மாதிரி ஊதுது

மாங்குளத்தான்:
ஜப்பான் பெடியளின்ர டூ-பிளாக் படத்தைக் காட்டித்தான் சலூனில வெட்டினது. முழுகினா ரெண்டு பக்கமும் ஊதி நிக்குது. தலைமயிர் தடிப்பு, கொஞ்சம் சுருள். வாக்ஸ் பூசினாலும் கச்சான் காத்துக்கு மத்தியானத்துக்குள்ள விழுந்திடுது. சலூனில என்னெண்டு சொல்லோணும்?

சலூன்கதிரை:
தம்பி, படம் மட்டும் காணாது. மிசினால கீழயிருந்து மேல படிப்படியா ஏத்தி வெட்டியிருப்பினம். அது ஃபேட். டூ-பிளாக்கில கீழ கட்டை, மேல நீளம், இடையில சாய்வே வரப்படாது. மேல்மயிர் சீலை மாதிரி விழுந்து கீழை மூடோணும்.

"மிசின் சீப்பு 2ஆம் நம்பர், 6 மி.மீ., காதுக்கு மேல மூண்டு விரல் உயரம் வரைக்கும்" எண்டு சொல்லுங்கோ. மண்டை ஆக அகலமா இருக்கிற இடத்தை ஜப்பான் சலூன்களில 'ஹாச்சி' எண்டுவினம். மிசின் அதைத் தாண்டினா மேல்மயிருக்கு விழச் சரிவில்லை, வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும்.

மயிரை ஐதாக்கிற பல்லுக் கத்தரிக்கோலை வேருக்குக் கிட்டப் போட விடாதேங்கோ. அங்க கட்டையாகிற மயிர் முளை மாதிரி நிமிர்ந்து மேல கிடக்கிறதைத் தள்ளும். உங்கட ஊதல் பெரும்பாலும் இதாலதான். பாதிக்குக் கீழ, நுனிப்பக்கம் மட்டும் போடலாம். சுருள்மயிர் காய்ஞ்சா ஏறும், அதால ஈரத்தில வெட்டேக்க 2 செ.மீ. கூட விடச் சொல்லுங்கோ. மாதத்துக்கு 1 செ.மீ. அளவில வளரும், நாலு கிழமைக்கு ஒருக்காக் கீழ்ப்பக்கத்தை மட்டும் எடுத்தாக் காணும்.

வட்டக்கச்சி:
வாக்ஸுக்கு நான் சொல்லுறன். தலைமயிர் எந்த வடிவில காயுதோ அந்த வடிவில நிக்கும், திரும்ப நனைஞ்சா குலையும். வேர்வையும் தண்ணிதான். அதால வாக்ஸுக்கு முதல் காய வைக்கிறதுதான் முக்கியம்: பக்கங்களை உள்ளங்கையால அமத்திக்கொண்டு, மேலயிருந்து கீழ ட்ரையர் பிடியுங்கோ. கரண்ட் இல்லாட்டி ஈரத்தோட கீழ வாரி, துணி கட்டிப் பத்து நிமிசம் விடுங்கோ.

தேங்காயெண்ணெய் வைச்ச தலையில எந்த வாக்ஸும் பிடியாது. பட்டாணி அளவு எடுத்து, வெள்ளை தெரியாமல் போகுமட்டும் கையில தேயுங்கோ, விரலிடுக்கிலயும். பிடரியில தொடங்கி, கையில மிஞ்சினது மட்டும் முன்மயிருக்கு. முன்னால தொடங்கினா அந்தப் பாரத்திலயே விழும். மினுக்கமில்லாத வகைதான் இந்த வெயிலுக்குச் சரி. கேட்ஸ்பி மூவிங் ரப்பர் எண்ட ஜப்பான் வாக்ஸில பிங்க் டப்பா கட்டை மயிரை நிமித்த, உங்கட நீளத்துக்கு அது வேண்டாம்.

கழுவேக்க முதல் கண்டிஷனர், பிறகு ஷாம்பு. வாக்ஸ் இளகி வரும். எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, சவுக்காரம் போட்டா மயிரில படிஞ்சு சொரசொரக்கும். கடைசியா ஒரு லீற்றர் பில்டர் தண்ணி ஊத்துங்கோ.

மாங்குளத்தான்:
நன்றி அண்ணை. பள்ளிக்கூடம் போற தம்பிக்கும் இதே வெட்டு வெட்டலாமோ?

சலூன்கதிரை:
முதல் பள்ளிக்கூடத்தில கேளுங்கோ. டோக்கியோவின்ர அரச உயர்நிலைப் பள்ளியளிலயே டூ-பிளாக் தடையை 2022 ஏப்ரலிலதான் எடுத்தவை. விடாட்டி மேல்மயிரையும் 4 செ.மீ. ஆக்கி, பக்கத்துக்கு 3ஆம் நம்பர் போட்டுச் சாய்ச்சு விடட்டும்.