எல்லை தாண்டி வந்தவர்களும் இடம் கொடுத்தவர்களும்: ஆப்கானியரோடு பழகியவர்களின் அனுபவங்கள்

மட்டக்களப்பிலிருந்து:

பாகிஸ்தானை ஒட்டிய தோர்க்கம் எல்லைக்கு ஆப்கான் பக்கத்தில், நங்கர்ஹார் மாகாணத்தில், ஓர் உதவி நிறுவனத்தின் உளசமூகப் பணியில், அதாவது மனத்துக்கும் உறவுகளுக்கும் துணை நிற்கும் வேலையில், இருந்தேன். பதிவில்லாத வெளிநாட்டவர் எல்லாரும் 2023 நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு அறிவித்ததன் பின் வந்த குளிர்காலம் அது. ஆப்கானியரோடு வேலை செய்த தமிழர் இன்னும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். நீங்களும் எழுதுங்கள். முதலில் நான் கண்டது.

லொறிகள் வந்துகொண்டே இருந்தன. பூவேலை செய்த அந்தப் பாகிஸ்தான் லொறிகளின் மேல் கயிற்றுக் கட்டில், கதவு, சூரியத் தகடு, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலே கூரை மரங்கள். மண் சுவரைப் பெயர்த்துக் கொண்டுவர ஏலாது, மரத்தையாவது கொண்டுவந்தால் இங்கே ஒரு கூரை போடலாம். 50,000 பாகிஸ்தான் ரூபாய்க்கு மேல் காசு கொண்டுவர விடவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதனால் மரமே சொத்து. வந்தவர்களில் பெரும்பகுதி பிள்ளைகள். பெஷாவரில் பிறந்து உருது கதைத்து வளர்ந்த பிள்ளைகள் அந்த மண்ணில் முதல் தடவையாகக் கால் வைத்தார்கள்.

எல்லையில் நாங்கள் செய்தது முதலுதவி மட்டும். உண்மையான வேலை ஊருக்குள் தொடங்கியது. பாட்டன் 1980களில் சோவியத் படைக்குப் பயந்து விட்டுப்போன ஊருக்குப் பேரன் குடும்பத்தோடு வந்து நிற்கிறான். ஊர்ச்சனம் கதவைத் திறந்தது. ஒரு முற்றத்தில் மூன்று குடும்பம் இருந்ததையெல்லாம் கண்டேன். அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் கிணறு அதே கிணறு. செங்கல் சூளையில் ஆள் கூடியதும் நாட்கூலி இறங்கிவிட்டது. மா, எண்ணெய், கம்பளி எல்லாம் வந்தவர்களின் பட்டியலுக்கு மட்டும். பள்ளிவாசல் முன்றலில் ஒரு பெரியவர் கேட்டார்: “எங்கள் ரொட்டியைப் பகிர்ந்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு நீங்கள் கம்பளி கொடுக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதே குளிர்தானே?” பதில் சொல்ல முடியாத கேள்வி. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இருத்தித்தான் எந்தக் கூட்டமும் நடக்கும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றது அதற்காகத்தான்.

அந்தப் பெரியவர்கள் சொன்ன முதல் தேவை வாய்க்கால். அங்கே பாசன நீரைப் பங்கிடுபவரை மிராப் என்பார்கள். அவர் சொன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. இப்படி ஊர் கூடிச் செய்யும் வேலை ‘அஷர்’. ஊரில் இருந்தவர், புதிதாக வந்தவர் என்று பார்க்காமல் மிராப் ஆட்களைக் கலந்து பிரித்தார். வாய்க்காலுக்குள் இறங்கி நின்றபோதுதான் சில ஆண்கள் முதல்முதலாகக் கதைத்தார்கள். நித்திரை இல்லை, கை நடுங்குகிறது, பிள்ளையை அடித்துவிட்டேன். கூடாரத்துக்குள் அழைத்து ‘மனநிலை எப்படி’ என்று கேட்டால் “அல்ஹம்துலில்லாஹ், நலம்” என்று முடித்துவிடும் ஆட்கள் இவர்கள்.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. பெஷாவரில் தந்தூர் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். கடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். ஊரில் யாரோடும் முகம் கொடுப்பதில்லை, தொழுகைக்கும் வருவதில்லை. நாங்கள் பயிற்சி கொடுத்த உள்ளூர் இளைஞன் ஒருவன் அவர் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினான். மூச்சை மெதுவாக்கப் பழக்குவது, பிரச்சினைகளில் தீர்க்கக்கூடிய ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது, சின்ன வேலை ஒன்றில் உடம்பை இறக்குவது, ஒரு துணையைத் தேடித் தருவது. உலக சுகாதார நிறுவனத்தின் இந்த ஐந்து அமர்வு முறையைப் பட்டம் பெறாத சாதாரண ஆட்களாலும் கொடுக்கலாம். அதைப் பெஷாவரிலேயே சோதித்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். எங்கிருந்தோ இறக்குமதியான சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வாய்க்கால் வேலைக்கு ரொட்டி சுட அவரைக் கூப்பிட்டார் மிராப். வந்தார், சுட்டார், ஊர் தின்றது. அடுத்த நாளே ஊரில் ஏற்கெனவே தந்தூர் வைத்திருந்தவர் சண்டைக்கு வந்துவிட்டார், தன் பிழைப்பு போகும் என்று. அவர் பயமும் நியாயம். ஷுராவில், அதாவது ஊர்ப் பெரியவர்கள் சபையில், பல நாள் இழுபட்டது. கடைசியில் புதியவர் ஜலாலாபாத் வீதியோரத்தில் லொறிக்காரருக்குச் சுடுவது, ஊருக்குள் விற்பதில்லை என்று ஒப்பந்தம். பழையவரின் மகன் புதியவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். புதியவர் முழுதாகத் தேறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. நித்திரை கொள்கிறார், பிள்ளைகள் பக்கத்தில் போகிறார்கள். அவ்வளவு.

தில்லி, லாஜ்பத் நகரிலிருந்து:

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் மதுரைக்காரி, இங்கே சமூகப் பணியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் லாரி இல்லை, கூடாரம் இல்லை. எல்லாரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். லாஜ்பத் நகர், போகல், மாளவியா நகர் சந்துகளில் ஆப்கான் ரொட்டி மணம் வரும், கடைப் பலகையில் அவர்களுடைய தரி மொழி எழுத்து இருக்கும். சந்தோஷமான இடம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை இருந்தாலும் வங்கியிலும் வேலையிலும் ‘ஆதார் எங்கே’ என்பார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபானிடம் விழுந்த பிறகு வசந்த் விஹாரில் ஆணைய அலுவலகத்தின் முன்னால் குழந்தைகளோடு உட்கார்ந்தார்களே, அது இந்த ஆற்றாமையில்தான்.

நான் சொல்ல நினைத்தது மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி. தில்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து நோயாளிகள் நிறைய வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாகப் போய் மருத்துவரிடம் பேசித் தருவதுதான் இங்குள்ள பல ஆப்கான் இளைஞர்களின் பிழைப்பு. 2021 ஆகஸ்ட் 25 அன்று, இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியரின் பழைய விசாக்கள் எல்லாம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. நோயாளிகள் நின்றார்கள், பிழைப்பும் நின்றது. வேலையில்லாத பையன்களுக்காக ஒரு குழு நடத்தினோம். வருமானத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பையன் வேறு எதையோ சொன்னான். “அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று மகனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்த மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவான். ராத்திரி வீட்டுக்கு வந்தால் என் அம்மா ‘இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது’ என்பாள்.” அதன்பிறகு அந்த அறையில் இருந்த எல்லாரிடமும் அதே மாதிரி ஒரு கதை இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த துக்கம் போதாதென்று தினமும் மற்றவர் துக்கத்தை வாய்வழியாகக் கடத்தியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்க ஒருவரும் இல்லை. மாலை வேளையில் தேநீரோடு கூடும் அந்தக் குழுவை இப்போது அவர்களே நடத்துகிறார்கள். மருத்துவமனைக்குப் புதிதாகப் போகிறவனுக்கு, கெட்ட செய்தியைச் சொல்லும்போது மருத்துவரை அறையை விட்டுப் போகவிடாதே என்று பழையவர்கள் கற்றுத் தருகிறார்கள்.

இடம் கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஜ்பத் நகரே 1947 பிரிவினையில் பஞ்சாபிலிருந்து ஓடிவந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு. ஒரு வீட்டுக்கார அம்மாவுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் ஓயாத சண்டை. தண்ணீர் மோட்டார், குப்பை, இரவு பதினொன்றுக்கு வரும் விருந்தாளிகள். சமாதானம் பேசப் போன இடத்தில் அந்த அம்மா தன் தகப்பனார் இன்று பாகிஸ்தானில் இருக்கும் முல்தானில் விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆப்கான் பெண் அழுதாள், அவரும் அழுதார். சண்டை தீர்ந்துவிட்டதா? இல்லை. மோட்டார் போடும் நேரத்தை எழுதி மாடிப்படியில் ஒட்டிய பிறகுதான் தீர்ந்தது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு அன்றோடு நின்றது.

வவுனியாவிலிருந்து:

அண்ணை, குறை நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை பேர் வந்து பிள்ளைகளுக்குப் படம் கீறக் கொடுத்தார்கள், கண்ணை மூடச் சொன்னார்கள். வீடும் தோணியும் கேட்ட சனத்துக்கு ஆறுதல் வார்த்தை. ஆப்கான் சனத்துக்கும் முதல் தேவை காணி, கூலி, கடதாசி. அதுகளைக் கொடுத்தால் மனம் தானாகத் தேறும்.

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். சுனாமிக் காலத்தில் நானும் அந்தக் கரையில்தான் இருந்தேன். அந்தக் கூத்துகளைக் கண்ட பிறகுதான் உலக உதவி அமைப்புகள் கூடி, பேரிடர் காலத்து மனநல உதவிக்கு 2007இல் ஒரு வழிகாட்டியை எழுதின. அதில் உதவிகளைக் கூம்பு போல அடுக்கியிருக்கிறார்கள். அடித்தட்டு பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன் மேல் குடும்பமும் ஊரும், அதற்கும் மேலேதான் தனிப்பட்ட உதவி. வைத்தியர் உச்சியில், சிலருக்கு மட்டும்.

ஆனால் தானாகத் தேறும் என்பதை ஏற்க மாட்டேன். கம்பளி கொடுப்பதிலேயே மனம் இருக்கிறது. காலையிலிருந்து குளிரில் நிற்கும் தகப்பனுக்கு ‘இன்று முடிந்தது, நாளை உன் எண் இத்தனை’ என்று ஒருவர் வந்து சொன்னால் அவன் மானத்தோடு வீட்டுக்குப் போவான். சொல்லாமல் கதவை மூடினால், பிள்ளைகள் முன்னால் வெறுங்கையோடு நின்றவன் இரவில் என்ன செய்வான் என்று நீங்களே யோசியுங்கள். வரிசையை யார் நடத்துவது என்று ஊர்க்காரரும் வந்தவர்களும் சேர்ந்து தீர்மானித்த இடங்களில் அடிதடி குறைந்தது. கடன் தொல்லையில் சாகப் போனவரும் அங்கே இருந்தார். காணி கிடைக்கும்வரை அவரைத் தனியே விட முடியுமா?

நாகர்கோவிலிலிருந்து:

நான் செவிலியர். 2025 கோடையில் ஹெராத் மாகாணத்தில் இருந்தேன். உரிய ஆவணம் இல்லாத ஆப்கானியரை ஈரான் அரசு ஜூலை 6க்குள் வெளியேறச் சொல்லியிருந்தது. ஜூனில் இஸ்ரேலோடு போர் மூண்டதும் விரட்டல் கடுமையாகிவிட்டது. இஸ்லாம் கலா எல்லையில் ஒரே நாளில் 40,000 பேருக்கு மேல் வந்த நாட்கள் உண்டு. வெயிலும் புழுதியும் தாகமும்தான் எங்கும். கட்டட வேலைத்தளத்திலிருந்து அப்படியே பிடித்து அனுப்பப்பட்ட ஆண்கள், கடைசி மாதக் கூலி கூட வாங்காதவர்கள்.

நான் பார்த்த ஊர்கள் 2023 அக்டோபர் நிலநடுக்கத்தில் தரைமட்டமானவை. வீட்டுக்குள் இருந்த பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் செத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள்தான் இப்போது ஈரானிலிருந்து வந்த உறவுகளுக்கு இடம் கொடுக்கிறார்கள். இடம் கொடுக்கிற வீட்டிலேயே இரண்டு சாவு. அண்ணன் சொன்ன கம்பளிக் கேள்வி அங்கே இன்னும் வலிக்கும்.

பெண்களை எங்கே கூட்டுவது? 2022 டிசம்பரிலிருந்து ஆப்கான் பெண்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யத் தடை. மருத்துவத்துக்கு ஓரளவு விலக்கு உண்டு. அதனால் எங்கள் மருத்துவ நிலையத்தின் தடுப்பூசி வராந்தாதான் பெண்களின் மன்றம். தலைவலி, நெஞ்சு அடைக்கிறது, பிரஷர் என்று வருவார்கள். பிரஷர் பார்ப்பேன், சரியாக இருக்கும். கையை விடாமல் பிடித்துக்கொண்டே, மனதில் என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பிறகு என் உள்ளூர்த் தோழி பாயை விரித்து அவர்களை மற்றவர்களோடு உட்கார வைப்பாள்.

இலையுதிர் காலத்தில் குங்குமப்பூ அறுவடை. ஊதாப் பூவைப் பிரித்துச் சிவப்பு நாரை மட்டும் எடுக்க வேண்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செய்கிற வேலை, எடைக்குக் கூலி. புதியவர்கள் வந்தால் கூலி குறையும் என்று ஊர்ப் பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மூத்த பெண் ஒருத்தி ஒவ்வொரு வட்டத்திலும் பாதிக்குப் பாதி உட்கார வைத்தாள். கை பழகாதவளுக்குப் பக்கத்திலிருப்பவள் சொல்லித் தர வேண்டும், மொத்த எடையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். நிலநடுக்கத்தில் மகளை இழந்தவளும், ஈரானின் மஷ்ஹத் நகரில் கணவனை விட்டுப் பிரிக்கப்பட்டவளும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே பூப் பிரித்ததைப் பார்த்தேன். நான் படித்த எந்தப் பாடத்திலும் இது கிடையாது.

எனக்கு ஆறாத ஒன்று, பெண் பிள்ளைகள் படிப்பு. ஈரானில் பத்தாம் வகுப்பு வரை வந்த பெண். இங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆறுதல் சொல்ல? நான் எதுவும் சொல்லவில்லை. மருத்துவ நிலையத்தின் சுகாதாரத் தன்னார்வலராகச் சேர்த்தோம். மருந்துச் சீட்டைப் பாட்டிகளுக்குப் படித்துச் சொல்வாள். அவள் கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும், அது நியாயமான கோபம். இதற்கு மேல் எழுதினால் அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து.

நொய்டாவிலிருந்து:

தில்லி அக்கா, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், கணினித் துறை. சனி ஞாயிறில் ஏதாவது செய்ய முடியுமா? கவுன்சிலிங் எல்லாம் தெரியாது.

தில்லி, லாஜ்பத் நகரிலிருந்து:

தெரிய வேண்டியதில்லை தம்பி. ‘அங்கே என்ன நடந்தது’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். படம் எடுக்க வேண்டாம், ஆப்கானிஸ்தானில் இருக்கும் உறவினருக்கு வம்பாகிவிடும். ஒரு வாரம் வந்து மூன்று வாரம் காணாமல் போவதென்றால் வரவே வேண்டாம், குழந்தைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போதைக்கு ஆள் தேவைப்படுவது பள்ளிச் சேர்க்கைக்கு. ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். படிவம் ஹிந்தியில் இருக்கும், பிறந்த தேதிச் சான்று இருக்காது, தலைமையாசிரியர் ஆதார் கேட்பார். அகதி அட்டையைக் காட்டி நிதானமாகப் பேச, பெற்றோரோடு கூடப் போக ஒருவர் வேண்டும். சந்தில் இருக்கிற பீகார் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இதே படிவத்தில்தான் திண்டாட்டம், அவர்களையும் சேர்த்துத்தான் கூட்டிப்போவோம். மார்ச் முதல் சனிக்கிழமையே வந்துவிடுங்கள், மடிக்கணினியோடு.