சிபில் ஸ்கோர் (கடன் நம்பிக்கை மதிப்பெண்) 712இலிருந்து 684க்கு இறங்கிவிட்டது. அப்பாவுக்காகப் பழைய கார்: இப்பவே லோன் போடலாமா, பொறுக்கலாமா?

பனியன்சிட்டி:

எல்லாருக்கும் வணக்கம். அவிநாசியில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், கைக்கு 34,000 வருகிறது. அப்பாவுக்கு வாரம் 2 முறை திருப்பூரில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிச் செலவை அண்ணன் பார்த்துக்கொள்கிறான், கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பாடு. முடிந்து வெளியே வரும்போது அவரால் பைக்கில் உட்கார முடிவதில்லை. டாக்ஸி போக வர 700. மாதம் 9 நடை, 6,300 ரூபாய் வீணாகப் போகிறதே என்று வயிறு எரிகிறது.

என் பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வேலை போனபோது கிரெடிட் கார்டு பாக்கி 84,000க்கு ஏறிவிட்டது. 2022இல் 38,000 கட்டி செட்டில்மெண்ட் செய்தேன், லெட்டர் கையில் இருக்கிறது. அப்புறம் 30,000க்கு எஃப்.டி. போட்டு அதன்மேல் ஒரு கார்டு வாங்கினேன். ஒன்றரை வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். ஸ்கோர் மெல்ல ஏறி, போன மாதம் 712 காட்டியது.

போன ஞாயிறு ஒரு பழைய கார் டீலரிடம் போனேன். 2016 வேகன் ஆர், 61,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், விலை 3.10 லட்சம். நான் 60,000 போட்டால் மீதி 2.5 லட்சத்துக்கு லோன், "பத்தரை வட்டிதான் சார்", 36 மாதம், டியூ 9,132. பான், ஆதார் வாங்கிக்கொண்டார். போனுக்கு வந்த ஓ.டி.பி.க்களையும் கேட்டார், சொன்னேன். இன்று பார்த்தால் ஸ்கோர் 684! எந்த டியூவும் தவறவில்லை, ஏன் இறங்கியது? நாளைக்கே 10,000 அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

ஓய்வுபெற்ற_கேஷியர்:

அட்வான்ஸ் கட்டாதீர்கள் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

ஆப்பில் தெரியும் அந்த மூன்று இலக்க எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முழு ரிப்போர்ட் எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நம் கடன் வரலாற்றைப் பதியும் கம்பெனிகள் நான்குமே வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தந்தாக வேண்டும். மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று, கடைசியில் இருக்கும் என்கொயரி பகுதி, அதாவது கடன் கொடுப்பவர்கள் யார் யார் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள் என்ற பதிவு. இரண்டு, பழைய கார்டுக்கு எதிரே என்ன ஸ்டேட்டஸ், எவ்வளவு பாக்கி என்று போட்டிருக்கிறது. மூன்று, புது கார்டின் லிமிட்டும் பேலன்ஸும்.

பனியன்சிட்டி:

எடுத்துவிட்டேன் ஐயா. என்கொயரி: ஒரே தேதியில் 5. ஒரு வங்கி, நான்கு பைனான்ஸ் கம்பெனி. நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பழைய கார்டு: "ரிட்டன் ஆஃப்" (வராக்கடன்), பாக்கி 46,000. செட்டில்டு (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுகூட இல்லை! புது கார்டு: லிமிட் 27,000, பேலன்ஸ் 23,400. அப்பாவின் மருந்தெல்லாம் அதில்தான் வாங்குகிறேன். ஆனால் மாதாமாதம் முழுசாகக் கட்டிவிடுகிறேனே.

ஓய்வுபெற்ற_கேஷியர்:

நோய் மூன்றும் தெரிந்துவிட்டது. இதில் உங்கள் தவறு கொஞ்சம்தான்.

டீலரின் ஆள் உங்கள் பானை ஐந்து இடத்துக்கு அனுப்பியிருக்கிறார். எங்கே கமிஷன் அதிகமோ அங்கே போட அது அவர்களுக்கு வசதி. நீங்கள் சொன்ன ஓ.டி.பி. ஒவ்வொன்றும் "என் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்" என்ற சம்மதம். ஒரே நாளில் ஐந்து பேரிடம் கடன் கேட்டவன் என்று ரிப்போர்ட் பேசுகிறது. இதை இனி அழிக்க முடியாது. ஆனால் மேற்கொண்டு புது என்கொயரி சேராமல் இருந்தால் சில மாதத்தில் அதன் கனம் குறைந்துவிடும்.

கார்டு விஷயம் பலருக்கும் தெரியாதது. முழுசாகக் கட்டுவது நல்லதுதான். ஆனால் பில் போடும் தேதியில் என்ன பேலன்ஸ் இருக்கிறதோ பெரும்பாலும் அதுதான் ரிப்போர்ட்டுக்குப் போகும். 27,000க்கு 23,400 என்றால் லிமிட்டில் 87 சதவீதம், கழுத்தளவு கடனில் நிற்கிறவர் போலத் தெரியும். பில் தேதிக்கு 3 நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். செலவு அதேதான், தெரிகிற எண் மாறிவிடும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றிவிட்டது. அதனால் முன்போல ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

பழைய கார்டுதான் பெரிய விஷயம். பணம் வாங்கி, லெட்டர் கொடுத்து, அதற்கப்புறமும் 46,000 பாக்கி என்று காட்டுவது அந்த வங்கியின் பிழை. லெட்டர், பணம் கட்டிய ரசீது இரண்டையும் வைத்து சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற புகார்) போடுங்கள். அதே நாளில் வங்கிக்கும் மெயில் அனுப்புங்கள், ஏனென்றால் வங்கி சொல்லாமல் சிபில் எதையும் மாற்றாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும், 2024 ஏப்ரல் முதல் அப்படி விதி. மெயிலில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். வேகம் வரும்.

தறிவீட்டுப்_பெண்:

எனக்கும் இதே கதைதான் தம்பி. ஒன்று மட்டும் எச்சரிக்கை. டிஸ்ப்யூட் போட்டதும் வங்கியிலிருந்து (அல்லது வங்கி பேரைச் சொல்லி யாரோ) போன் வரும். "மிச்ச 46,000 கட்டுங்க, குளோஸ்டு (முழுசாகக் கட்டி முடித்தது) என்று மாற்றித் தருகிறோம்" என்பார்கள். போனில் சொல்வதை நம்பிக் கட்டிவிடாதீர்கள். நான் 20,000 அப்படிக் கட்டினேன், இன்னமும் செட்டில்டுதான் நிற்கிறது.

சேலம்_சாலை:

அக்கா சொல்வது சரி, ஆனால் எழுத்தில் கொடுத்தால் கட்டலாம் என்பது என் கருத்து. செட்டில்டு என்று இருந்தால் வங்கிகள் முகம் சுளிக்கும், குளோஸ்டு ஆனால் அந்தப் பேச்சே இல்லை.

தறிவீட்டுப்_பெண்:

46,000 கையில் இருந்தால் நான் முன்பணத்தில்தான் போடுவேன். கடன் குறைந்தால் வங்கிக்கும் பயம் குறையும். அவருக்கு வேண்டியது கார்தானே, நற்சான்றிதழ் இல்லையே.

டியூ_கணக்கன்:

யாரும் அந்த "பத்தரை வட்டி"யைத் தொடவில்லையே. அது ஃப்ளாட் வட்டி. 2.5 லட்சத்துக்கு வருடம் 26,250, மூன்று வருடத்துக்கு 78,750. இரண்டையும் கூட்டி 36ஆல் வகுத்தால் 9,132. டீலர் சொன்ன டியூ அதேதான் பாருங்கள். நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 2.5 லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 18.75 சதவீதம் வரும். பிராசஸிங், பைல் சார்ஜ் என்று எவ்வளவு பிடிக்கிறார்கள்?

பனியன்சிட்டி:

5,000 + 4,500 என்றார் அண்ணா. லோனிலேயே கழித்துக்கொள்வார்களாம்.

டியூ_கணக்கன்:

அப்படியென்றால் கைக்கு வருவது 2,40,500. உண்மையான செலவு 21 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதையெல்லாம் ஒரே எண்ணாகக் காட்டும் கே.எஃப்.எஸ். என்ற தாளை 2024 அக்டோபரிலிருந்து வங்கியும் பைனான்ஸ் கம்பெனியும் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதைக் கேளுங்கள், டீலர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

இன்னொரு கணக்கு. டாக்ஸிக்கு 6,300 வீண் என்கிறீர்கள். கார் வாங்கினால்? டியூ 9,132. போக வர 30 கிலோமீட்டர், 9 நடை, 270 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுத்தால் 18 லிட்டர், சுமார் 1,850. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 எடுத்து வையுங்கள். 12,500 ஆகிறது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு 6,200 மிச்சம்தான், நஷ்டம் இல்லை.

பட்டறை_மாமா:

நான் வண்டி ஆள், வட்டி தெரியாது. ஒரே ஒரு கேள்வி மாப்ள. காரை ஓட்டுறது யாரு?

பனியன்சிட்டி:

நான்தான் மாமா.

பட்டறை_மாமா:

டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஆகும். வேலை நாள்ல ரெண்டு தடவை கம்பெனியில பெர்மிஷன் கொடுப்பாங்களா? இப்ப டாக்ஸியில யார் கூடப் போறாங்க?

பனியன்சிட்டி:

அம்மா போகிறார். டாக்ஸி அண்ணன் விட்டுவிட்டு, முடிகிற நேரத்துக்கு வந்து கூட்டிவருவார். உண்மையைச் சொன்னால் இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. ஷிப்மெண்ட் நேரத்தில் எனக்குப் பெர்மிஷன் கிடைக்காது. இப்போது அப்பாவுக்குக் காலை 10 மணி ஷிஃப்ட். மாலை ஷிஃப்டில் இடம் காலியானால் மாற்றித் தருவதாக டயாலிசிஸ் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அது கிடைத்தால் வேலை முடிந்து நானே கூட்டிவரலாம்.

பட்டறை_மாமா:

அப்ப ஷிஃப்ட் மாறுற வரைக்கும் கார் வந்தாலும் வாசல்லதான் நிக்கும். அந்த டாக்ஸிக்காரர்கிட்ட மாசக் கணக்காப் பேசிப் பாரு. நிச்சயமான 9 நடைன்னா யாரும் கொஞ்சம் குறைப்பாங்க.

ஓய்வுபெற்ற_கேஷியர்:

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு மாதம் எந்த லோனுக்கும் கேட்காதீர்கள். டியூ கட்டுவதாக நினைத்து மாதம் 6,000 ஆர்.டி.யில் போடுங்கள். அது முடியாமல் தடுமாறினால், 9,132 டியூவும் தடுமாறியிருக்கும் என்று இப்போதே தெரிந்துவிடும். அப்புறம் முதலில் சம்பளம் வரும் வங்கியில் மட்டும் கேளுங்கள். வங்கி தன் மதிப்பீட்டாளர் போடும் விலையில் ஒரு பங்குதான் கொடுக்கும், டீலர் சொல்லும் விலைக்கு அல்ல. அதையும் மனதில் வையுங்கள்.

பனியன்சிட்டி (ஏழு மாதம் கழித்து):

எல்லாருக்கும் பாக்கி வைத்திருந்த பதில் இது.

டிஸ்ப்யூட் போட்ட 26ஆம் நாள் மாறியது. இப்போது "செட்டில்டு, பாக்கி 0". அக்கா சொன்ன போனும் வந்தது. மெயிலில் அனுப்புங்கள் என்றேன், அதோடு சரி. 46,000 கட்டவில்லை. கார்டை பில் தேதிக்கு முன்பே கட்டுகிறேன். ஸ்கோர் 739.

ஆர்.டி.யில் ஆறு மாதம் தவறாமல் போட்டேன், ஒரே ஒரு மாதம் அண்ணனிடம் 2,000 கைமாற்று. டாக்ஸி அண்ணன் நடைக்கு 600 ஆக்கிக்கொண்டார். போன வாரம் அப்பாவுக்கு மாலை ஷிஃப்ட் கிடைத்துவிட்டது.

சம்பள வங்கியில் மேனேஜர் செட்டில்டு பற்றிக் கேட்டார். லெட்டரைக் காட்டினேன், 2021 என்றதும் தலையாட்டினார். 1.5 லட்சம், 24 மாதம், குறையும் அசலுக்கு 14 சதவீதம், டியூ 7,202. மொத்த வட்டி 23,000க்குள். அண்ணன் 40,000 தருகிறான், என்னிடம் 96,000 இருக்கிறது. இப்போது பெருந்துறையில் ஒருவர் நேராக விற்கும் 2015 வேகன் ஆர் பார்த்திருக்கிறேன், 2.65 லட்சம். ஆர்.சி. விவரத்தை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்தால் இன்னும் எச்.பி. (வண்டி மேல் லோன் என்ற பதிவு) இருக்கிறது. "லோன் எப்பவோ முடிஞ்சுது தம்பி" என்கிறார். நம்பலாமா?

பட்டறை_மாமா:

லோன் முடிஞ்சிருக்கும், எச்.பி. கேன்சல் பண்ணாம விட்டிருப்பாரு. பாதிப் பேர் அப்படித்தான். அவர் பைனான்ஸ்ல என்.ஓ.சி.யும் (பாக்கி இல்லைங்கற கடிதம்) ஃபார்ம் 35உம் (எச்.பி.யை நீக்கற படிவம்) வாங்கட்டும். அது கையில வந்தப்புறம் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து. பழைய என்.ஓ.சி. வச்சிருந்தா தேதி பாரு, ரொம்பப் பழசுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

வண்டி பாக்கப் போறப்ப முன் சீட்டுக்கு அடியில கைய விட்டு, தண்டவாளம் மாதிரி இருக்கற இரும்புல துரு இருக்கான்னு தடவிப் பாரு. வெளிய பெயிண்ட் பளபளன்னு இருந்து அங்க துருப்பிடிச்சிருந்தா தண்ணியில நின்ன வண்டி. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து அடியில இருக்கற துணி லேபிள்ல வருஷத்தையும் பாரு. வண்டிக்குப் பிந்தின வருஷமா இருந்தா, ஏன் மாத்தினீங்கன்னு கேளு.

ஓய்வுபெற்ற_கேஷியர்:

ஒன்று விட்டுப்போனது. பேர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். அடுத்தவர் மேல் மோதினால் வரும் மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும், சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி வராது. விற்பவருடைய நோ கிளெயிம் போனஸ் (கிளெயிம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதை விலையில் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பனியன்சிட்டி:

சரி ஐயா. அவர் திங்கட்கிழமை பைனான்ஸ் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபார்ம் 35 பார்க்கும் வரை அட்வான்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். டாக்ஸி அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, அப்பாவே சொல்லிக்கொள்கிறாராம். இன்றைக்கு நடை இருக்கிறது, கிளம்புகிறேன்.