பிஜி (பேயிங் கெஸ்ட்) அறையில் தினமும் ஜெபம் பண்ணுவது எப்படி?

மாரத்தஹள்ளி_பையன்:
ஊர் நாசரேத், தூத்துக்குடி ஜில்லா. பெங்களூருக்கு வந்து ஒன்றரை வருஷம். வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தால் எல்லாரும் பாயில் உட்கார்ந்தாக வேண்டும், அதனால் ஜெபம் என்பது நானாக முடிவெடுக்கிற காரியமாக இருந்ததே இல்லை. இங்கே அறைக்கு மூன்று பேர், ஒருவனுக்கு ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் தூங்குவான், இன்னொருவன் விடிய விடிய கேம் ஆடுவான். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப்பூட்டி" என்கிறது மத்தேயு 6. எனக்குப் பூட்டக் கிடைக்கிற ஒரே கதவு பாத்ரூம் கதவு.

ஜனவரி 1 அன்று, ஒரே வருஷத்தில் வேதாகமம் முழுவதும் என்று ஆரம்பித்தேன். மொத்தம் 1189 அதிகாரம், நாளைக்கு மூன்று நாலு வரும். லேவியராகமம் வாசிக்கும்போது காய்ச்சல், எட்டு நாள் போச்சு. 26 அதிகாரம் பாக்கி என்று கணக்குப் பார்த்ததும் வேதத்தைப் பெட்டிக்குள் வைத்தவன்தான், ஜெபமும் அத்தோடு நின்றுவிட்டது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிவாஜிநகர்_அக்கா:
தம்பி, நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பக்கம் செபம் என்று எழுதுவோம், விஷயம் ஒன்றுதான். எனக்குக் கைகொடுத்தது மூவேளை செபம். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு. கோயில் மணி கேட்காத இடத்தில் போன் அலாரம். மூன்று அருள்நிறை மரியே, நடுவில் சின்னச் சின்ன வசனம், கடைசியில் ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான். காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் ஊற்றினால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். பராக்குப் பார்த்துக்கொண்டே சொன்ன நாளில் அடுப்பு துடைத்ததும் உண்டு. பெரிதாக ஆரம்பிக்காதே, ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடு.

பழைய_ஊழியக்காரன்:
இதெல்லாம் சாக்கு. இயேசுவே அதிகாலையில், இருட்டோடே எழுந்து தனியிடம் தேடிப் போனார், மாற்கு 1:35 எடுத்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போங்கள் தம்பி.

பர்ப்பிள்_லைன்:
ஐயா, ராத்திரி ஒரு மணிக்கு ஆபீஸ் போன் கால் முடிக்கிறவனை ஐந்து மணிக்கு எழுப்பினால் ஜெபம் வராது, கொட்டாவிதான் வரும். நெகேமியா 2ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். ராஜா கேள்வி கேட்கிறார், நெகேமியா பதில் சொல்வதற்கு முன் அந்த இடத்திலேயே நின்றபடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். கதவும் இல்லை, மாடியும் இல்லை.

நான் கே.ஆர்.புரத்தில் மெட்ரோ ஏறி கப்பன் பார்க்கில் இறங்குகிறவன். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், அதாவது வேதத்தில் சங்கீத புத்தகத்திலுள்ள ஒரு பாட்டு. 117இல் இரண்டே வசனம், அன்றைக்கு லாட்டரி. 119இல் 176 வசனம், ஆனால் எட்டெட்டாக 22 பகுதியாகப் பிரிந்திருப்பதால் 22 நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வாசித்ததில் ஒரு வரியை எடுத்து அதையே திருப்பி ஆண்டவரிடம் பேசுவேன், கண்ணைத் திறந்தபடிதான், கூட்டத்தில் பர்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அப்புறம் அந்த 26 அதிகாரம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் தினமும் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு என்ன ஆனது? பூச்சி பிடித்து நாறியது. எடுத்து வைக்கிறதே அப்படியென்றால், விட்டுப்போன நாளைப் பாக்கி எழுதி வைத்து என்ன பண்ணப்போகிறீர்கள்? இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்திலேயே இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைத்தான் கேட்கிறோம். விட்ட இடத்தை மறந்துவிட்டு இன்றைய தேதியில் தொடங்குங்கள். எனக்கே போன மாதம் பத்து நாள் போய்விட்டது.

மாரத்தஹள்ளி_பையன்:
ஐயா, மாடிச் சாவி ஓனரிடம், எட்டு மணிக்கு முன் அவர் கதவையே திறக்க மாட்டார். அக்கா, அண்ணா, இன்று காலை 500டி பஸ்ஸில் ஆரம்பித்தேன். சங்கீதம் 1, ஆறே வசனம். சில்க் போர்டு வருவதற்குள் நாலு தடவை வாசித்தாயிற்று, நம் டிராபிக்தான் தெரியுமே. நடுவில் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டது காதில் விழவே இல்லை, பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.