8 டெராபைட் லன் நான்கு வட்டுகளாகத் தெரிகிறது, எக்ஸ்எஃப்எஸ் போட மறுக்கிறது: உதவி தேவை

ராணிப்பேட்டைக்காரன்:
வணக்கம். இங்கே ஒரு தோல் காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். காலணி வடிவமைப்புகள், தோல் படங்கள், ஏற்றுமதி ஆவணங்கள் எல்லாம் நிரம்பி வழிந்ததால் புதிதாக ஒரு ஸ்டோரேஜ் வாங்கினோம். இரண்டு கன்ட்ரோலர், நெட்வொர்க் வழியே வட்டைத் தரும் ஐஸ்கசி இணைப்பு, நடுவில் இரண்டு சுவிட்ச். மாட்ட வந்த பொறியாளர் சர்வரில் ஏதோ மென்பொருள் நிறுவி, 8 டெராபைட்டில் ஒரு லன் (ஸ்டோரேஜ் சர்வருக்குத் தரும் வட்டு) ஒதுக்கிவிட்டு, "ஃபார்மட் நீங்களே செய்துகொள்ளலாம்" என்று காட்பாடிக்கு ரயில் பிடிக்கப் போய்விட்டார்.

சர்வரில் ராக்கி லினக்ஸ் 9. எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என நான்கு வட்டுகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் 8 டெராபைட். வாங்கியது 8, காட்டுவது 32. மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவார். எஸ்டிபியில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை போடப்போனால், அந்த வட்டு ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறது. நான் எதையும் மவுண்ட் செய்யவே, அதாவது பயன்படுத்த இணைக்கவே இல்லை.

சத்துவாச்சாரி:
மறுத்ததே நல்லதாகப் போயிற்று, தம்பி. வேலூரிலிருந்து ஆற்காட்டுக்கு நான்கு பஸ் போவதால் ஆற்காடு நான்காகிவிடுமா? உங்கள் சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி. ஆக, ஒரே லன்னுக்கு நான்கு பாதைகள். நான்கின் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாகவே இருக்கும். வந்தவர் நிறுவியது பல பாதைகளை ஒன்றாக்கும் மல்டிபாத் மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும். அது நான்கையும் கட்டிப் பிடித்து 'எம்பாத்ஏ' என்ற பெயரில் ஒரே வட்டாக வைத்திருக்கும். தனிப் பாதை எதையும் தொடாதீர்கள், எல்லா வேலையும் எம்பாத்ஏ மீதுதான்.

இன்னொன்று. நேராக எக்ஸ்எஃப்எஸ் போடாமல், வட்டை வேண்டிய அளவில் பகுதிகளாகப் பிரித்துத் தரும் எல்விஎம்மை இடையில் வையுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸை மவுண்ட் ஆகியிருக்கும்போதே பெரிதாக்கலாம். சிறிதாக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே 8 டெராபைட்டையும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆவணங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று மேலாளர் கேட்டால் விழி பிதுங்கும். 5 கொடுத்து ஆரம்பியுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே எம்பாத்ஏ இருந்தது, எண்ணும் ஒன்றே. 32 டெராபைட் கனவு கலைந்தது. எல்விஎம்மும் ஒருவழியாகப் போட்டேன். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் கட்டளை 20 நிமிடமாக அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தியும் இல்லை. மேலாளர் எட்டிப் பார்த்து, "அக்னி நட்சத்திரம், மெஷினும் மனுஷன் மாதிரிதானே" என்று ஏசியை 18-இல் வைத்துவிட்டுப் போனார்.

குடியாத்தம்:
தின் முறையில் (எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும்படி) ஒதுக்கிய லன் என்றால், எக்ஸ்எஃப்எஸ் போடுவதற்கு முன் பழைய இடத்தையெல்லாம் விடுவிக்கச் சொல்லி ஸ்டோரேஜுக்குக் கட்டளை போகும். சிலவற்றில் அதற்கு நெடுநேரம் ஆகும். கட்டளையில் பெரிய எழுத்து கே விருப்பத்தைச் சேர்த்தால் அந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

ராணிப்பேட்டைக்காரன்:
அதையும் செய்து பார்த்தேன், அண்ணா. அதே நிலைதான். பதிவேட்டில் "5 விநாடியில் பதில் இல்லை" என்ற வகையில் ஐஸ்கசி பிங் செய்தியும் 1022 என்ற இணைப்புப் பிழையும் மாறி மாறி வருகின்றன. ஒரு பாதை விழுகிறது, உடனே எழுகிறது, மறுபடி விழுகிறது.

சத்துவாச்சாரி:
எந்தப் பாதை? எல்லாமா, குறிப்பிட்ட சிலவா?

ராணிப்பேட்டைக்காரன்:
எஸ்டிசியும் எஸ்டிஇயும் மட்டும். இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, சர்வர் எழும்போதும் அந்த இரண்டும் தாமதமாகத்தான் வந்தன. இரண்டும் இரண்டாவது சுவிட்ச் வழியே போகின்றன.

சத்துவாச்சாரி:
அப்படியானால் வெயிலை விட்டுவிடலாம். வெயில் சுவிட்ச் பார்த்தா அடிக்கிறது? சர்வரிலும் ஸ்டோரேஜிலும் எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, எவ்வளவு என்று பாருங்கள். 9000 என்றால், துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் அளவில் பிங் கொடுங்கள். தலைப்புகளுக்கு 28 பைட் போக மிச்சம் அதுதான். இரண்டு சுவிட்ச் வழியிலும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:
முதல் சுவிட்ச் வழியே பதில் வருகிறது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. சாதாரண பிங் மட்டும் போகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் முதல் சுவிட்ச்சில் எம்டியூ 9216, இரண்டாவதில் 1500. வந்தவர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்திருக்கிறார்.

சத்துவாச்சாரி:
அதனால்தான் இத்தனை குழப்பம். லாகின், பாதை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை, இவையெல்லாம் சின்னப் பொட்டலங்கள். 1500-க்குள் அடங்கிப் போய்விடும். மல்டிபாத்தும் "பாதை நன்றாக இருக்கிறது" என்று நம்பும். உண்மையான தரவு பெரிய பொட்டலமாகப் போகும்போது சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். இணைப்பு அறும், மறுபடி லாகின் ஆகும், மல்டிபாத் அதே பாதையை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். அடியோடு அறுந்த கேபிளே மேல், மல்டிபாத் அதை ஒதுக்கிவிட்டு மற்ற வழியில் போயிருக்கும்.

ராணிப்பேட்டைக்காரன்:
இரண்டாவதிலும் 9216 வைத்தேன். எக்ஸ்எஃப்எஸ் சில விநாடிகளில் முடிந்தது! நன்றி, ஐயா. கடைசியாக ஒன்று: இதே லன்னை இரண்டாவது சர்வருக்கும் ஒதுக்கி அங்கேயும் மவுண்ட் செய்தால் இருவரும் ஒரே கோப்புகளைப் பார்க்கலாம் அல்லவா?

வாலாஜா:
வேண்டவே வேண்டாம்! எக்ஸ்எஃப்எஸ் ஒரு சர்வருக்கு மட்டுமே ஆனது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒரே இடம் காலி என்று நினைத்து மேலே மேலே எழுதுவார்கள், மொத்தக் கோப்பு முறைமையும் சிதைந்துபோகும். முதல் சர்வரில் மட்டும் மவுண்ட் செய்து, மற்றவர்களுக்கு என்எஃப்எஸ் அல்லது சாம்பா என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே பகிருங்கள். சர்வர் எழும்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் 'நெட்டெவ்' விருப்பம் இருக்கிறதா, தம்பி? முன்னால் ஓர் அடிக்கோடும் வேண்டும். அது இல்லாவிட்டால் நெட்வொர்க் எழும் முன்பே மவுண்ட் செய்யப்போய், சர்வர் அவசர நிலையில் நின்றுவிடும்.

ராணிப்பேட்டைக்காரன்:
இல்லை, அக்கா. இப்போது சேர்த்தேன். ஒருமுறை ரீபூட் செய்தும் பார்த்தேன். நான்கு பாதையும் வந்தன, மவுண்டும் ஆனது. மேலாளரிடம் சரியாகிவிட்டது என்றேன். "நான்தான் ஏசியை 18-இல் வைத்தேனே" என்கிறார்.