வில்லுப்பாட்டை வீட்டிலேயே பதிய எந்த சாஃப்ட்வேர்?

வில்லடி:
ஊர் நாகர்கோவில் பக்கம். அப்பா நாற்பது வருஷமா கோயில் கொடைகளுக்கு வில்லுப்பாட்டு பாடுறாங்க. குரல் நல்லா இருக்கும்போதே முழுக் கதையையும் பதிஞ்சு வெச்சிரணும்னு ஆசை. போன வருஷம் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். காதுல ஹெட்போன் மாட்டி, 'டிக் டிக்'னு ஒரு சத்தத்தை விட்டு அதுக்குச் சரியா பாடச் சொன்னாங்க. அப்பா ரெண்டு வரி பாடிட்டு, "இது என்னலே, கெடிகாரத்துக்கா பாடணும்?"னு எந்திரிச்சிட்டாங்க. கட்டின பணம் போச்சு.

இனி வீடுதான். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். ரெண்டு மைக் மாட்டுற ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாச்சு. எஃப்எல் ஸ்டுடியோ ட்ரையல் போட்டேன். சேவ் ஆகுது, மறுநாள் அதே ஃபைல் திறக்க மாட்டேங்குது. பின்னால ஆர்மோனியம் சேர்த்து நானும் மெட்டு போடணும். பட்ஜெட் ஆறேழாயிரம்.

பீட்டுக்காரன்:
எஃப்எல்தான் ப்ரோ. பியானோ ரோல்ல, அதாவது சுரங்களைக் கட்டத்துல வரைஞ்சு மெட்டு போடுற இடத்துல, அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் அப்டேட் இலவசம். ஃபைல் திறக்காதது கோளாறு இல்லை, ட்ரையலுக்கு அவங்க போட்ட பூட்டு.

மொட்டைமாடி:
எஃப்எல்லை நானும் வெச்சிருக்கேன், மெட்டு போட அருமை. ஆனா தம்பி, விலை குறைஞ்ச ஃப்ரூட்டி எடிஷன்ல மைக் ரெக்கார்டிங் கிடையாது. ப்ரொட்யூசர் எடிஷன் உங்க பட்ஜெட்டைத் தாண்டும். அதோட அது பேட்டர்னை, அதாவது திரும்பத் திரும்ப வர்ற சின்னச் சின்ன துண்டை, அடுக்கிக் கட்டுறவங்களுக்கான சாமான். உங்க அப்பா பாட்டு அப்படியா? கதை சூடு பிடிக்கப் பிடிக்க உடுக்கை ஓடும், வில்லுல கோல் விழுற வேகம் ஏறும், நடுவுல பாட்டு நின்னு பேச்சு வரும். இதை எந்த பிபிஎம்ல (நிமிஷத்துக்கு இத்தனை அடிங்கிற வேகக் கணக்கு) அடைப்பீங்க?

ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போடுங்க. 60 நாள் முழு வசதியோட ஓசி; அப்புறம் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்குற அந்தக் காலத்து வின்ஆம்ப் ஞாபகம் இருக்கா? அதைச் செஞ்ச ஜஸ்டின் ஃப்ராங்கெல்தான் இதுக்கும் மூலவர். பழைய லேப்டாப்லயும் மூச்சு வாங்காது.

அந்த 'டிக் டிக்' போடுற மெட்ரோனோமை முதல்ல அணைங்க. ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல டைம்பேஸை (பதிஞ்சது எதை வெச்சு இடத்துல நிக்கணும்ங்கிற அமைப்பு) 'டைம்'னு மாத்துங்க. மறந்தா, பின்னாடி டெம்போவைத் தொட்டதும் பதிஞ்ச குரல் இடம் மாறிடும். ஆர்மோனியம் சேர்க்கும்போது அப்பாவோட கோல் விழுற இடங்கள்ல டெம்போ மார்க்கர் வெச்சா, திரையில இருக்கிற தாளக் கட்டமே அவர் பின்னாடி வரும்.

ஒரு மைக் அப்பாவுக்கு, இன்னொண்ணு குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவுல. குடத்து வாய்க்கு நேரா வேண்டாம், காத்து அடிச்சு மைக் திணறும். 24 பிட்ல, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்னா போதும்.

வாசிக்கிறது ஹெட்போன்ல தாமதமாக் கேட்டா சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க. இன்டர்ஃபேஸோட ஏசியோ ட்ரைவரை (தாமதத்தைக் குறைக்கிற ஆடியோ ட்ரைவர்) போட்டு, பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து வெச்சு அனுப்புற சத்தத் துணுக்குகளோட அளவை, குறைங்க. 44,100 ஹெர்ட்ஸ்ல 1024 சாம்பிள்னா சுமார் 23 மில்லி செகண்ட், 128னா வெறும் 3.

ரீப்பர்ல ஒரு குறை, வாத்தியச் சத்தம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கூட வராது. இலவச விஎஸ்டி (சாஃப்ட்வேர்ல சேர்க்கிற வாத்திய ப்ளக்இன்) தேடிக்கணும்.

பீட்டுக்காரன்:
வில்லுப்பாட்டுன்னதைச் சரியா படிக்கலை ப்ரோ, பீட் போடத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். அப்ப ரீப்பரே சரி.

வில்லடி:
அண்ணே, நேத்து ராத்திரி பதிஞ்சாச்சு. ஹெட்போனே மாட்டலை, 47 நிமிஷம் ஒரே இழுப்பு. டைம்பேஸை மாத்த மறந்துட்டு டெம்போல கை வெச்சேன், நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. கன்ட்ரோல் இசட் காப்பாத்திச்சு.

முழுசும் கேட்டுட்டு அப்பா சொன்னது ஒண்ணுதான்: "குடம் கூடுதல்." குடம் அடிச்சது சித்தப்பா. ரெண்டு பேரும் காலையில இருந்து பேசலை. ரெண்டாவது மைக்கை இன்னைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கப் போறேன்.