மேட்ரிக்ஸ்: அணியா, தாயமா, வறுமணலா?

பாப்பாரப்பட்டியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகணும். மாங்கூழ் ஆலைகள் கொட்டும் கொட்டையின் பருப்பில் என்னென்ன கொழுப்பு அமிலம் என்று லேசர் நிறைமாலைக் கருவியில் (மூலக்கூறுகளை அயனியாக்கி எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பார்ப்பது பற்றி, தமிழ்வழி பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு. 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் முட்டி நிற்கிறேன். மாதிரியோடு கலந்து தகட்டில் காயவைக்கிறோமே, அந்தப் பொருள். 337 நானோமீட்டர் லேசரை வாங்கிக்கொண்டு, மாதிரியைச் சிதைக்காமல் மேலே கிளப்பி அயனியாக்க உதவுவது அதுதான். 'அணி' என்று எழுதினால் பையன் கணக்குப் பாடத்து நிரையும் நிரலும் தேடுவான்.

ஓசூரிலிருந்து:
மூலத்துக்குப் போங்கள் தம்பி. லத்தீனில் மாட்டர் தாய், மாட்ரிக்ஸ் கருப்பை. தாய் + அம், 'தாயம்'. முடிந்தது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
முடியவில்லை ஐயா. தாயம் என்றால் எங்கள் திண்ணையில் கட்டை உருட்ட உட்கார்ந்துவிடுவார்கள். நிலக்கடலையை எப்படி வறுக்கிறோம்? சட்டியில் மணல் போட்டு. சூட்டை மணல் வாங்கிக் கடலைக்குக் கொடுக்கும், கடலை கருகாது. 'வறுமணல்' என்று வையுங்கள், பாட்டிக்கும் புரியும்.

பாப்பாரப்பட்டியிலிருந்து:
வகுப்பில் சொல்ல அருமை. ஆனால் மணல் சட்டியிலேயே கிடக்கும். இது மாதிரியோடு சேர்ந்து தானும் பறக்கும். கொழுப்பு அமிலத்தில் தொல்லையே அதுதான். மாம்பருப்பில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலம் நிறை எண் 281-லும் ஸ்டியரிக் 283-லும் எதிர்மின் அயனியாக வரும். எடை குறைந்த அந்தப் பகுதியில்தான் வழக்கமான மேட்ரிக்ஸ்களின் சொந்த உச்சிகளும் (வரைபடத்தில் எழும் கூர்முனைகள்) கூட்டம் போடும். அதனால்தான் அங்கே அதிகம் கூட்டம் போடாத 9-அமினோஅக்ரிடின் போன்ற மேட்ரிக்ஸ்களைத் தேடிப் போகிறார்கள்.

அரூரிலிருந்து:
மாதிரி அதற்குள் பொதிந்திருக்கிறது. 'பொதிபொருள்' போதாதா? இன்னொன்று: 'நிறை நிறமாலை' என்று எழுதாமல் 'நிறைமாலை' என்றதற்கு நன்றி. எடை பார்க்கிற கருவியில் நிறத்துக்கு என்ன வேலை?

ஓசூரிலிருந்து:
அம்மா, நீங்களே தமிழாசிரியை. பொதிபொருள் வினைத்தொகை. பொதிந்த பொருள் என்று விரித்தால் அது மாதிரியல்லவா? நிறைமாலையும் நிறைகுடம் போல வினைத்தொகையாகப் படிக்க இடம் தருகிறது. தவிர, 'பொதி'யைக் கணினிக்காரர்கள் 'பேக்கேஜ்' என்ற பொருளில் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தகடு என்றதும் நினைவு வந்தது: நம் தகடூருக்கும் (தர்மபுரியின் பழைய பெயர்) தகட்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கட்சி. அதியமான் காலத்து இரும்புத் தொழிலை…

காவேரிப்பட்டினத்திலிருந்து:
தகடூருக்கு அடுத்த வாரம் போகலாம் ஐயா, அச்சகம் காத்திருக்கிறது. 2002-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட கொய்ச்சி தனாக்கா, கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையே மேட்ரிக்ஸாகக் கருவியில் வைத்துப் பார்த்தவர். கைதவறி வந்த சரக்குக்கு இத்தனை வேர்ச்சொல்லா? வறுமணல் வேண்டாமென்றால் மேட்ரிக்ஸ் என்றே விடுங்கள். கருவியின் திரையிலும் அதுதான் இருக்கும்.

அரூரிலிருந்து:
சரி, விகுதியை மாற்றுகிறேன். கனிமம், தனிமம் போல 'பொதிமம்'. முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே மேட்ரிக்ஸ் என்று போட்டுவிடுங்கள்.

பாப்பாரப்பட்டியிலிருந்து:
தனி அஞ்சலில் வந்ததையும் சேர்த்து பொதிமத்துக்கு மூன்று, மேட்ரிக்ஸுக்கு ஒன்று, தாயத்துக்கு ஒன்று. பொதிமமே அச்சுக்குப் போகிறது. கடலை வறுக்கும் சட்டியைப் படமாகப் போட்டிருக்கிறேன்.

ஓசூரிலிருந்து:
பொதி + அம் பொதியம்தானே ஆகும்? அது அகத்தியர் மலை. நடுவில் அந்த மகரம் எங்கிருந்து வந்தது? பதில் வரும்வரை என் ஓட்டு தாயத்துக்கே.